துளை மெஷினும் எட்டு பிட்டும்

நான் எழுதிப் பழகாதவள். போன மாதம் கோயில் மண்டபத்தில் நம் வயசுக்காரிகள் எல்லாரும் கூடியிருந்தபோது, ஆளுக்கொரு பழைய சங்கதி எழுதிக்கொண்டு வரணும், சேர்த்துப் புத்தகமாக அச்சடிக்கலாம் என்று சொன்னீர்கள். நான் வழக்கம்போலத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்து ரெண்டு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்துப் பிழை இருக்கும். முன்னே பின்னே மாறியும் இருக்கும். சில முகம் மறந்து போச்சு. சில முகம் மறக்க மாட்டேன் என்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எல்லாரும் கொழுந்து எடுத்தது, தேர்த் திருவிழா, காமன் கூத்து என்று எழுதுவீர்கள். எனக்கு எழுத வருவது ஒரு மெஷினைப் பற்றித்தான். ஒரு மழைக்காலம் முழுக்க அதற்குப் பயந்து கிடந்தேன்.

லிந்துலையில் இருந்து மேலே ஏறினால் எங்கள் தோட்டம். எங்க அப்பா தோட்டத்து ஆசாரி. லயத்துக் கதவு, தொரை பங்களா நாற்காலி, செத்தவங்களுக்குப் பெட்டி எல்லாம் அவர் கைதான். ஸ்டோருக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை ஒன்றில் வேலை செய்வார். ஸ்டோர் என்றால் தேயிலை பேக்டரி. லயம் என்றால் தொழிலாளிகளுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகள், காம்பரா என்றால் அதில் ஒரு அறை. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பேரப்பிள்ளைகள் வாசித்தால் விளங்கட்டும் என்று எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயசு நடந்தது. வருஷம் சரியாகத் தெரியாது. இலங்கைக் குடிகளாகப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டு ஆளாளுக்குப் பதில் பார்த்திருந்த காலம். எங்க அப்பாவுக்கு இல்லை என்று பதில் வந்துவிட்டது. அந்தக் கடிதத்தை அம்மா சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தாள். வேலை இருக்கிற மட்டும் காம்பரா இருக்கும். வேலை போனால் காம்பரா போகும். அதுக்கப்புறம் எங்கே போறது? கப்பலேறிப் போய் இறங்கினால் இந்தியக் கரையில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? பத்துச்சீட்டு என்ற பேச்சு காதில் விழுந்தாலே, அம்மா கையில் இருக்கிறதைக் கீழே வைத்துவிட்டு நிற்பாள். பத்துச்சீட்டு என்றால் வேலையை விட்டு நிறுத்துகிற கடுதாசி.

அந்த வருஷம் புதுசாக ரெண்டு லயம் கட்டினார்கள். கதவு நிலையும் ஜன்னலும் நிறைய வேண்டியிருந்தது. அதற்காகத் தொரை ஒரு மெஷின் வாங்கினார். வேறொரு தோட்டத்து வெள்ளைக்காரர் தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குப் போனபோது இதையும் விற்றாராம். லொறியில் படங்கு போட்டு மூடி வந்தது. லொறிக்காரன் இறக்கி வைத்துவிட்டு, வெற்றிலையைத் துப்பிக்கொண்டே, "இது ரெண்டு வெரல் தின்ன மெஷினு, பாத்துப் பழகுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். விளையாட்டுக்குச் சொன்னானோ நிஜமோ தெரியாது. சாயங்காலத்துக்குள் அது எல்லா லயத்துக்கும் பரவிவிட்டது.

தொரை அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார். தொரைமார் தமிழ் எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.

"ஆசாரி, இந்த மெஷின் நீ தெரியும்?"

"தெரியுமுங்க தொர."

"தெரியாது சொன்னா அட்டன்ல இருந்து பாஸ் வரும். நீ மம்பட்டி எடு, மலைக்குப் போ."

"தெரியுமுங்க தொர."

பாஸ் என்றால் வெளியில் இருந்து வருகிற சிங்களத் தச்சர். அப்பா சொன்னது ரெண்டு தரமும் பொய். அப்பா அந்த மாதிரி மெஷினைக் கண்ணால் பார்த்ததே அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "வெரல் தின்ன மெஷினாமுல்ல?" என்றாள். அப்பா துண்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனார். அன்று முதல், அவர் மலைத் தண்ணி விழுகிற பீலியில் கை கழுவும்போது பக்கத்தில் போய் நின்று விரலை எண்ணுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. பத்து இருந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

மெஷின் எப்படி என்று சொல்கிறேன். இரும்புக்கால் வைத்த மேசை. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு ஒரு தண்டு. தண்டின் வாயில் பிட்டை மாட்டி முடுக்குவார்கள். பிட் என்றால் விரல் மாதிரி ஒரு உருக்குக் கூர். மேலே இருந்து கீழே இறங்கித் துளை போடுகிறது அல்ல, படுத்தபடியே சுற்றும். அதற்கு எதிரே தட்டில் கட்டையை இறுக்கி முன்னே தள்ளி, இடமும் வலமும் அசைத்தால் நீளமாகத் துளை விழும். அதற்குள் இன்னொரு கட்டையின் முனையை இறக்கினால் நிலை அசையாமல் நிற்கும். அப்பா உளியும் கொட்டாப்புளியும் வைத்து ஒரு மணி நேரம் தட்டுகிற துளையை, அது ஒரு பீடி பிடிக்கிற நேரத்தில் போட்டுவிட்டது.

மெஷினுக்குச் சொந்த மோட்டார் கிடையாது. ஸ்டோர் இஞ்சினில் இருந்து நீளமான இரும்புத் தண்டு ஒன்று சுவரைத் துளைத்துக் கொட்டகைக்குள் வந்தது. அதில் ஒரு சக்கரம், மெஷினில் ஒரு சக்கரம். ரெண்டையும் சேர்த்து ஒரு தோல் பெல்ட் ஓடும்.

மெஷினைப் பொருத்த அட்டனில் இருந்து ஒரு பிட்டர் வந்தார். சிங்கள ஆள். நல்ல மனுஷர், அப்பாவின் தோளைத் தட்டித் தட்டித்தான் பேசினார். ஒரே நாள் இருந்தார். அப்பாவுக்குத் தெரிந்த சிங்களம் சந்தைக்குப் போதும், மெஷினுக்குப் போதாது. பாதி கையாலும் பாதி வாயாலும் சொல்லிக் கொடுத்ததை, அப்பா மறந்துவிடாமல் இருக்க, சாயங்காலம் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார்.

"கட்ட மொத்தம் மூணு பங்குன்னா பிட்டு ஒரு பங்கு. அதுக்கு மேல போட்டா செவுரு மெலிஞ்சி வெடிக்கும். ஆழம் வேணும்னா நீட்டு பிட்டு. நீட்டு பிட்டு வளையும், அவசரப்படாத. மழுங்குனத மாட்டாத. நேர் பெல்ட்டுக்குச் செவப்பு வரிச. குறுக்கு பெல்ட்டுக்கு வெறும் வரிச."

"என்னாங்க, மந்திரமா படிக்கிறீங்க?" என்பாள் அம்மா.

"மந்திரந்தான். சும்மா இரு."

பிட்டுகள் ஒரு மரப்பெட்டியில் இருந்தன. மொத்தம் எட்டு. நாலு அளவு, அளவுக்கு ரெண்டு, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ரெண்டு வரிசையாகத் துளை போட்டு நிற்க வைத்திருந்தது. ஒரு வரிசைக்கு அடியில் பிட்டர் சிவப்புப் பெயின்ட்டால் கோடு போட்டிருந்தார். பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் சிவப்பு வரிசையில் உள்ளதற்கு ஒரு பக்கம் கூர், மற்ற வரிசையில் உள்ளதற்கு மறுபக்கம் கூர். மெஷின் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கத்துக் கூரை மாட்டணும். பெல்ட்டை நேராகப் போட்டிருந்தால் சிவப்பு வரிசை. எட்டு எழுதுகிற மாதிரி குறுக்கே முறுக்கிப் போட்டால் மெஷின் எதிர்ப்பக்கம் சுற்றும், அப்போது மற்ற வரிசை.

முதல் வாரம் எல்லாம் நல்லாத்தான் நடந்தது. கதவு நிலைக்கு அரை அங்குல பிட் ஒன்றுதான் வேண்டியிருந்தது. சவுக்கு மரக்கட்டையில் அது வெண்ணெய் மாதிரி இறங்கியது. அப்பா சட்டையில் மரத்தூள் வாசத்தோடு சிரித்துக்கொண்டு வருவார். அம்மாகூட ஒருநாள், "வெரல் தின்னுச்சின்னு எவன் சொன்னான்?" என்றாள்.

இனி என் சங்கதி.

காலையில் ஒன்பது மணிக்கு அப்பாவுக்குத் தேத்தண்ணியும் ரொட்டியும் கொண்டுபோவது என் வேலை. அங்கிருந்து அப்படியே பள்ளிக்கூடம். கொட்டகைக்குள் வரக் கூடாது, வாசல்படியோடு நில் என்பது அப்பா போட்ட சட்டம். அன்றைக்கு மழை சாரலாக அடித்தது. அப்பா இல்லை. புது லயத்துக்கு அளவு பார்க்கப் போயிருந்தார். போத்தலை வாசலில் வைத்தால் மழை விழும் என்று உள்ளே போனேன். தலையில் போட்டிருந்த சாக்குக் கொங்காணி பெட்டியின் மூலையில் மாட்டிக்கொண்டது. நான் திரும்பினேன். பெட்டி கவிழ்ந்தது.

அப்பா வெளியே போனால் மெஷினில் மாட்டியிருக்கிறதையும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் போவார். எட்டும் மரத்தூளுக்குள் போய்விட்டன. மெஷின் சும்மாதான் நின்றது, ஆனால் அது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. கையால் துழாவி எட்டையும் எடுத்தேன். பாவாடையில் துடைத்தேன். பெரியதுக்குப் பெரிய துளை, சின்னதுக்குச் சின்ன துளை என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். அளவு தப்பவில்லை. ஆனால் ரெட்டையில் எது சிவப்பு வரிசை, எது மற்றது? எனக்கு எப்படித் தெரியும்? கைக்கு வந்ததை வைத்தேன். மரத்தூளைக் காலால் நிரவிவிட்டு ஓடினேன்.

சொல்லியிருக்கலாம். அப்பா அடிக்கிறவர்கூட இல்லை. ஆனால் எனக்கு வாய் வராது. வகுப்பில் பேர் கூப்பிட்டால் "உள்ளேன்" சொல்ல முடியாமல் எத்தனை நாள் வராதவளாகப் பதிந்திருக்கிறார்கள் என்று என்னோடு படித்தவர்களுக்குத் தெரியும்.

மறுநாளே கொட்டகையில் புகை. நான் தேத்தண்ணி கொண்டு போனபோது தீய்ந்த வாசம் மூக்கில் ஏறியது. கட்டை வெட்டவில்லை, கருகியது. அப்பா மரம் ஈரம் என்றார். வேறு கட்டை எடுத்தார், அதுவும் கருகியது. மழைக்காலத்து மரம் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டு இன்னும் அழுத்தித் தள்ளினார்.

உளியை அரை நிமிஷம் விரலில் உரசிப் பார்த்து, இது எந்தக் கல்லில் தீட்டினது என்று சொல்கிறவர் எங்க அப்பா. அந்தப் பிட்டை ஒரு தரம் நகத்தால் தடவியிருந்தால் கூர் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரிந்திருக்கும். அவர் தடவவில்லை. மெஷின் சாமான் என்றால் கையை நம்பக் கூடாது, பிட்டர் சொன்னதைத்தான் நம்பணும் என்று நினைத்துவிட்டார். இப்போது யோசித்தால், என்னைவிட அவருக்குப் பயம் கூட இருந்திருக்கிறது.

பக்கத்துக் காம்பரா பெரியம்மாவுக்குக் கேலிக்கு ஆள் கிடைத்தது. பீலியில் குடத்தை வைத்துவிட்டு, "ஏய் புள்ள, ஒங்கப்பா மரத்துல ஓட்ட போடுறாரா, மரத்த வாட்டிக் கருவாடு போடுறாரா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அம்மாவுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கண்ணூறு. வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவிக் கொண்டுபோய் மெஷின் காலில் வைத்தாள். வேப்பிலை இல்லாத ஊரில் எங்கேயோ போய் ஒரு கொத்து வாங்கிவந்து தண்டுக்குப் பக்கத்தில் கட்டினாள். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் மெஷின் சத்தம் கேட்டால் நடப்பேன். சத்தம் நின்றால் நானும் நிற்பேன். ஏன் நின்றது? என்ன ஆச்சு? திரும்பச் சத்தம் வந்தால்தான் கால் நகரும்.

சனிக்கிழமை சத்தம் நின்றது, திரும்ப வரவில்லை. அரை அங்குல பிட் சூடேறி முறிந்து தெறித்துப்போச்சு. முனை கொட்டகைத் தகரத்தைப் பொத்துக்கொண்டு வெளியே போனதாம். மடியில் மீதித் துண்டைச் சொருகிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்தார். நான் எண்ணினேன். பத்து இருந்தது.

"திங்கக்கெழம தொர பாக்க வாராரு. பத்து நெல காட்டணும். நாலுதான் நல்லாருக்கு. மத்ததெல்லாம் கரி" என்றார் அம்மாவிடம். அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இஞ்சின் மாமா எங்கள் காம்பராவுக்கு வந்தார். ஸ்டோர் இஞ்சினை ஓட்டுகிறவர். எங்களுக்குச் சொந்தம் இல்லை, வேதக்காரர், கழுத்தில் செபமாலை போட்டிருப்பார். ஆனாலும் அம்மாவைத் தங்கச்சி என்பார். அவர் மகள் என் வகுப்புதான், ஒரே வாங்குப் பலகையில் என் பக்கத்தில் இருப்பாள். நான் வாயைத் திறக்காத நாளில் எனக்கும் சேர்த்து "உள்ளேன்" சொல்லுகிறவள் அவள்தான்.

"என்னா ஆசாரியாரே, மாட்டுக்குச் சூடு போடுவாங்க. நீங்க மரத்துக்குப் போடுறீங்களே" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். அப்பா சிரிக்கவில்லை. முறிந்த துண்டை எடுத்துக் காட்டினார்.

"செவப்பு வரிசையில அர அங்குலம் இது ஒண்ணுதாண்ணே. போச்சு. நாளைக்கு எத மாட்டுவேன்?"

"மத்த வரிசையில ஒண்ணு இருக்குல்ல?"

"அது குறுக்கு பெல்ட்டுக்கு."

"அப்ப பெல்ட்டக் குறுக்க போட்டுருவோம். இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க? தங்கச்சி, ரெண்டு நூல் கட்ட குடு."

அம்மா கொடுத்தாள். பலகையில் ரெண்டு ஆணியை அடித்து, ஆணிக்கொன்றாக நூல் கட்டையை மாட்டி, ரெண்டையும் சேர்த்து ஒரு சணல் கயிற்றைச் சுற்றிக் கட்டினார்.

"இந்தா, இது என் இஞ்சினு. இது ஒங்க மெஷினு. சிரிக்காத தங்கச்சி."

"இஞ்சினு ஓடுறது இருக்கட்டும்ண்ணே, என் நூலு சிக்காம இருந்தா சரி."

அவர் ஒரு கட்டையைச் சுற்றினார். மற்றதும் அதே பக்கம் சுற்றியது. பிறகு கயிற்றைக் கழற்றி எட்டு மாதிரி முறுக்கி மாட்டிச் சுற்றினார். மற்றது எதிர்ப்பக்கம் சுற்றியது. அப்பா முகத்தில் ஒரு வாரத்துக்கு அப்புறம் அப்போதுதான் ஒரு வெளிச்சம் வந்தது.

"ஸ்டோரு நின்னுதான இருக்கு, இன்னைக்கே மாத்திப் போட்டுர்றேன். காலைல மத்த வரிசைல உள்ளத மாட்டி ஓட்டுங்க. பழய பக்கம் கோளாறா இருந்தாலும் இது புதுப் பக்கம். தொரைக்கிட்ட சொல்லணுமா?"

"வேணாண்ணே. கேட்டா, மெஷினு தெரியும்னியேம்பாரு."

"சரி, நமக்குள்ள இருக்கட்டும்." என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "நீயும் பாத்துக்கிட்டியா தாயி? எம் மகளுக்கு இதக் காட்டுனா கொட்டாவி விடுறா."

நான் பார்த்துக்கொண்டேன். அந்த நூல் கட்டை திரும்பிச் சுற்றினபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அரை அங்குல ரெட்டையை நான் மாற்றி வைத்திருக்கிறேன். சிவப்பு வரிசையில் முறிந்தது குறுக்கு பெல்ட்டுக்கு உள்ளது. இப்போது மற்ற வரிசையில் இருக்கிறது நேர் பெல்ட்டுக்கு உள்ளது. பெல்ட்டை மாற்றாமல் அதை மாட்டினால் வெட்டும். மாற்றினால் இதுவும் கருகும். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு இது விளங்குமா என்று கேட்பீர்கள். ஒரு வாரம் வேறு நினைப்பே இல்லாமல் கிடந்தால் விளங்கும்.

"அப்பா" என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வீட்டில் வந்த ஆளுக்கு முன்னால் பேசினதே கிடையாது.

"என்னாடி?"

"தேத்தண்ணி ஆறுது."

அதைத்தான் சொன்னேன். மாமா சிரித்துக்கொண்டு கோப்பையை எடுத்தார்.

திங்கட்கிழமை ஒன்பது மணி வரைக்கும் காத்திருக்க என்னால் முடியவில்லை. தேத்தண்ணிப் போத்தலை எடுத்துக்கொண்டு முன்கூட்டியே ஓடினேன். வாசல்படியில் நின்று சொல்லிவிடுவது, சொல்லிவிட்டு ஓடிவிடுவது என்று வழியெல்லாம் அந்த மூணு வார்த்தையைச் சொல்லிக்கொண்டே போனேன். "அப்பா, பெட்டியக் கொட்டிட்டேன்." வேறொன்றும் வேண்டாம், அதுவே போதும்.

கொட்டகைக்குள் தொரை நின்றார். கையில் பிரம்பு. நாய் ஒன்று அவர் காலடியில் படுத்திருந்தது. பெல்ட் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தார். புகை வர ஆரம்பித்திருந்தது. அப்பா என்னைக் கண்டு, போ என்று கண்ணால் காட்டினார். நான் வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

தொரை, "என்ன ஆசாரி, வெட்டாது?" என்றார்.

"வெட்டுமுங்க தொர. இப்ப வெட்டும்."

தட்டின் பிடியை விட்டுவிட்டு, இடது கையைக் கட்டைக்குப் பின்னால் கொடுத்து உடம்பு முழுக்க வைத்துத் தள்ளினார். டப்பென்று ஒரு சத்தம். கட்டை துள்ளியது. நாய் குரைத்தது. அதற்கப்புறம் எனக்கு நினைவு இருப்பது என் கையில் இருந்த போத்தல் உடைந்து, சூடான தேத்தண்ணி காலில் ஓடினது மட்டும்தான். அந்தச் சூடு எனக்கு அன்றைக்குத் தெரியவே இல்லை.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும். இடது கை.

லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பன்னிரண்டோ பதினைந்தோ நாள் இருந்தார். மெஷின் வந்த அன்றைக்கே எலுமிச்சம்பழம் வைக்காமல் விட்டதை அம்மா சொல்லிச் சொல்லி அழுதாள். பெரியம்மா அதற்குப் பிறகு கேலி பேசவில்லை, எங்களுக்கும் சேர்த்துச் சோறாக்கினாள்.

அப்பா வீட்டுக்கு வந்த அன்றைக்குப் பாயில் சாய்ந்துகொண்டு சட்டைப் பையில் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். ரெண்டாவது முறிந்த துண்டு. மெஷின் வாயில் இருந்ததை யாரோ கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் துண்டையும் எடுத்துவரச் சொன்னார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ரெண்டையும் மடியில் வைத்து, நல்ல கையின் நகத்தால் தடவினார். ஒன்று, மற்றது, திரும்ப அது. ரொம்ப நேரம் தடவினார்.

"பிட்டரு காட்டுனப்ப வெண்ண மாதிரி வெட்டுச்சி. ஒரு வாரமும் வெட்டுச்சி" என்றார், யாருக்கோ சொல்வது போல. அப்புறம் என்னைப் பார்த்தார். "பெட்டிய யாரும் எடுத்தாங்களா தாயி?"

"தெரியாதுப்பா."

அவர் என் முகத்தையே பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. ரெண்டு துண்டையும் கடுதாசியில் சுற்றி அம்மாவிடம் கொடுத்தார். "ஆத்துல போட்டுட்டு வா. யார்கிட்டயும் சொல்லாத."

ரெண்டு நாள் கழித்து ஒபீசில் விசாரணை. அப்பாவுக்குத் தலை சுற்றும் என்று அம்மா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள், நான் குடை பிடித்துக்கொண்டு போனேன். வெளி வராந்தாவில் நின்றோம், கதவு திறந்திருந்தது. தொரை இஞ்சின் மாமாவைக் கேட்டார்.

"பெல்ட் மாத்தினது யார்?"

"நானுங்க. ஆசாரியாருகிட்டக் கேட்டுக்கிட்டுத்தானுங்க மாத்துனேன்."

தொரை அப்பா பக்கம் திரும்பினார். "ஆசாரி, உனக்குத் தெரியும்?"

மழை தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. அப்பா கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தெரியாதுங்க தொர."

அம்மாவின் விரல் என் தோளில் இறுகியது. அவளும் ஞாயிற்றுக்கிழமை அங்கேதானே இருந்தாள். மாமா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் கத்துவார் என்று நினைத்தேன். சத்தியம் செய்வார், என்னைக் கைகாட்டி, இந்தப் பிள்ளையும் கேட்டுக்கொண்டிருந்தது என்பார் என்று நினைத்துக் குடைக்குள் ஒளிந்தேன். அவர் மெதுவாக, "கை வலியில ஒங்களுக்கு மறந்துருக்கும் ஆசாரியாரே" என்றார். அவ்வளவுதான்.

பத்துச்சீட்டு அவருக்கு வந்தது. யாரையும் கேட்காமல் பெல்ட்டை மாற்றி ஒரு ஆளை முடமாக்கினார் என்று. சங்கத்துத் தலைவர் போய்ப் பேசிப் பார்த்தார், தொரை இறங்கவில்லை. அப்பாவுக்கு ஸ்டோர் வாட்சர் வேலை கொடுத்தார்கள். கதவு நிலைக்கு அட்டனில் இருந்து பாஸ் வந்தார். எங்கள் காம்பரா எங்களுக்கே இருந்தது.

அவர்கள் போன காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ரோட்டுக்கு மேலே தேயிலைச் செடிக்குள் உட்கார்ந்திருந்தேன். மாமா தலையில் தகரப்பெட்டி. அவர் மனைவியின் இடுப்பில் கைப்பிள்ளை. மகள் பின்னால் ஒரு சட்டியைச் சுமந்துகொண்டு நடந்தாள். எங்கள் லயத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் வருவேன் என்று நினைத்திருப்பாள். மூடுபனி வந்து மறைத்ததும் நான் எழுந்தேன். அட்டை ரெண்டு காலில் ஏறியிருந்தது. பிடுங்கவில்லை, அதுவாக விழட்டும் என்று விட்டேன்.

அப்பா அதற்கப்புறம் பதினெட்டு வருஷமோ என்னவோ இருந்தார். அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அன்றைக்கு ஒபீசில் சொன்ன பொய் வேலைக்காகவா, எனக்காகவா? பெட்டியைக் கொட்டினது நான் என்று தெரிந்து, உண்மையைச் சொன்னால் நூல் பிடித்துக்கொண்டு என் வரைக்கும் வந்துவிடும் என்று பயந்தாரா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. அவர் ரெண்டு தரம் தொரையிடம் தெரியும் என்று பொய் சொன்னார், ஒரு தரம் தெரியாது என்று பொய் சொன்னார். நான் ஒரு தரம்தான் சொன்னேன். ஆனால் என்னுடையது இத்தனை வருஷம் ஓடிவிட்டது.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். மெஷின் வேலை தெரிந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பெல்ட்டையும் பிட்டையும் பற்றி நான் எழுதினது சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். வருஷம், நாள் கணக்கு எல்லாம் பிழையாக இருக்கலாம், திருத்திக்கொள்ளுங்கள். இஞ்சின் மாமா குடும்பம் கொத்மலைப் பக்கம் போனதாகச் சிலர் சொன்னார்கள், கப்பலேறிப் போனதாகவும் சொன்னார்கள். எது உண்மை என்று எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவர் இருக்கமாட்டார். மகளுக்கு என் வயசுதான், இருப்பாள். யாராவது அவளைக் கண்டால் முதலில் இதை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவளுடைய அப்பா சொன்னது முழுக்க உண்மை என்று அவளுக்குத் தெரியட்டும். நான் எங்கேயாவது எனக்குச் சாதகமாக எழுதியிருந்தால், அந்த இடத்தை அவளே அடித்துத் திருத்தட்டும். அதுக்கப்புறம் அச்சுக்குக் கொடுங்கள்.